அனுப்பட்டுமா என்று கேட்பதுதான் என் வேலை

முதல் நாள் எனக்கு ஹெட்செட் தரவில்லை. லாமினேட் செய்த ஒரு தாளைத் தந்தார்கள். அதில் ஆங்கிலத்தில் ஒன்பது வாக்கியங்கள் இருந்தன. ஒன்பதும் வாடிக்கையாளருக்கு ஏதோ ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லும் வாக்கியங்கள். செய்து முடித்துவிட்டோம் என்று சொல்லும் வாக்கியம் அந்தத் தாளில் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. தாள் பளபளவென்று இருந்தது, அது போதுமாக இருந்தது.

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க் அது. கேரளம், தமிழ்நாடு இரண்டிலிருந்தும் வரும் புகார்களைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து நாங்கள் கேட்போம். கழக்கூட்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் அலுவலகம். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலையாளம் மீடியத்தில் படித்து, காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கல்லூரி இல்லை என்ற நிலையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தேன். முதல் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இரண்டாம் பாதியைச் சொல்லும்போது அடக்கமும் இல்லை. புதிதாக ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு வருகிறவர்கள் இதைப் படித்தால், இந்தப் பெருமைதான் எனக்குக் குழி தோண்டியது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வாக்கியங்கள்

பயிற்சி கொடுக்க பெங்களூருவிலிருந்து ரேஷ்மா மேடம் வந்தார். தாளில் இருந்த வாக்கியங்களை ஒரு ஏணி மாதிரி விளக்கினார். 'ஐ வில் செண்ட்' என்றால் இந்த நிமிஷம் முடிவு செய்து சொல்வது. 'ஐ ஆம் கோயிங் டு செண்ட்' என்றால் முன்பே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்வது. 'ஷல் ஐ செண்ட்?' என்றால் எதிராளியின் சம்மதத்துக்காகக் காத்திருப்பது. 'வுட் யூ லைக் மீ டு செண்ட்?' என்பது ஏணியின் உச்சி. அதற்கு மேலே மரியாதை கிடையாது.

நான் எனக்குள் தமிழில் போட்டுப் பார்த்தேன். அனுப்புறேன், அனுப்பலாம்னு இருக்கேன், அனுப்பட்டுமா. இது வரைக்கும் சரியாக உட்கார்ந்தது. ஏணியின் உச்சிக்குத் தமிழ் தேடினால், 'நான் ஆள் அனுப்புவதை நீங்கள் விரும்புவீர்களா' என்று வருகிறது. எங்கள் லயத்தில் யாராவது அப்படிக் கேட்டால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே டீ வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, டம்ளரைக் கையில் வைத்துவிடுவார்கள்.

ஒன்பதாவது வாக்கியம் தனி ரகம். 'எ டெக்னீஷியன் வில் பி அரேஞ்ச்டு.' டெக்னீஷியன் ஏற்பாடு செய்யப்படுவார். அந்த வாக்கியத்தில் ஏற்பாடு செய்கிறவர் இல்லை. எங்கள் கம்பெனியிலும் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மதிப்பெண் முறை இப்படி. ஒவ்வொரு போன் காலும் ரெக்கார்ட் ஆகும். குவாலிட்டி டீம் கேட்டு மார்க் போடும். நாம் செய்வதாக ஒன்றைச் சொன்னால், அதற்குப் பெயர் கமிட்மென்ட், பத்து மார்க். ஏணியில் மேலே போகப் போகக் கூடுதல் மார்க். 'நோ' என்று சொன்னால் ஃபேட்டல் எரர், மொத்தமும் பூஜ்யம். வாடிக்கையாளர் கமிட்மென்ட்டுக்கு 'ஓகே' அல்லது 'தேங்க் யூ' சொன்னவுடன் 'அக்செப்டட்' என்ற பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். டிக்கெட், அதாவது அந்தப் புகாரின் பதிவு, குளோஸ் ஆகும். வேண்டாம் என்று மறுத்தால் 'ரிஜெக்டட்' என்ற சிவப்புப் பட்டன்.

நான் வந்த மூன்றாம் மாதமே ஸ்டார் ஆனேன். மைக்ரோவேவுக்குப் பக்கத்துச் சுவரில் என் போட்டோ தொங்கியது. ஊருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். என்ன வேலை செய்ததற்கு என்று அம்மா கேட்டாள். லிஃப்ட் கெட்டுப்போனால் சரிசெய்து தருவோம் என்று இங்கிலீஷில் சொல்கிற வேலை என்றேன்.

"அப்போ சரிபண்றது யாரு?" என்றாள்.

அது வேற டிபார்ட்மென்ட்டும்மா என்றேன். படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாடி

ஜெயலட்சுமி மாமியின் முதல் கால் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது. அப்போது அவர் எனக்கு மாமி இல்லை, மேடம். நகரத்தில் ஒரு ஐந்து மாடி அப்பார்ட்மென்ட்டில், ஐந்தாம் மாடியில், கணவரோடு இருந்தார். வலியசாலையில் இருந்த பழைய வீட்டில் குளியலறைக்கே நான்கு படி இறங்க வேண்டும் என்பதால், லிஃப்ட் உள்ள இடமாகப் பார்த்து இங்கே குடிவந்தவர்கள். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ். லிஃப்ட் அன்று காலையில் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது.

மாமி அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேண்டுகோளும் 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கியது. அப்படி ஒரு எதிராளி கிடைத்தால் எனக்குக் கேட்க வேண்டுமா. ஏணியில் உச்சி வரைக்கும் ஏறி, அங்கேயே நின்று பேசினேன். அவர் நடுவில் ரிசீவரைப் பொத்தாமலே கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ. என்னமா இங்கிலீஷ் பேசறா இந்தப் பொண்ணு. ஆள் அனுப்பறாளாம்."

பிறகு என்னிடம் 'தேங்க் யூ, மை டியர்' என்றார். பச்சைப் பட்டனை அழுத்தினேன். மார்க் தொண்ணூற்றெட்டு.

அடுத்த புதன்கிழமை மதியம் அவருடைய கால் மறுபடியும் எனக்கே வந்தது. குரலில் ஏதோ மாறியிருந்தது, மரியாதை மட்டும் அப்படியே இருந்தது. சனிக்கிழமை ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்களாம். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கணவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி, மூன்றாம் மாடியில் அவருக்கு மூச்சு முட்டி, எப்படியோ கீழே கொண்டுபோய், அதே மாதிரி மேலே கொண்டுவந்தார்கள். இனி இப்படித் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டிடத்தில் பாதி வீடுகள் வளைகுடாவில் இருப்பவர்களுடையவை, பூட்டிக் கிடப்பவை. தூக்க ஆள் கிடையாது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் போகவில்லை. இப்போது கால் வீங்கி இருக்கிறது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார். நாளை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நான் சிஸ்டத்தில் அவருடைய பழைய டிக்கெட்டுகளைத் திறந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆறு டிக்கெட். ஒன்று என்னுடையது, மற்றவை என் சக ஊழியர்களுடையவை. ஆறிலும் அழகான கமிட்மென்ட். ஆறும் பச்சை. இதற்குள் பழக்கதோஷத்தில் என் வாய், 'ஷல் ஐ எஸ்கலேட் திஸ் ஃபார் யூ?', மேலிடத்துக்குக் கொண்டுபோகட்டுமா, என்று கேட்டுவிட்டது. அவர் தேங்க் யூ என்று சொல்லி வைத்துவிட்டார். ஏழும் பச்சை.

செல்வின்

நகரத்து டெக்னீஷியன் செல்வின், மார்த்தாண்டத்துக்காரன், என் வயதுதான். சாப்பாட்டு இடைவேளையில் அவனுக்கு போன் செய்து, அந்த அப்பார்ட்மென்ட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் அதிகாரமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு வரவே இல்லியே," என்றான். "குளோஸ் ஆன டிக்கெட் எங்க ஆப்புல காட்டாது, கேட்டியா. ரிஜெக்டட் அடிச்சது மட்டும்தான் எனக்கு வரும்."

அப்படியென்றால் பச்சைப் பட்டன் அழுத்திய டிக்கெட்டெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். அது ஒரு லிஸ்ட்டாகப் போகும், அந்த லிஸ்ட்டைப் பார்த்து ஆள் அனுப்ப முன்பு ஒரு டீம் இருந்தது, செலவைக் குறைத்தபோது டீமை எடுத்துவிட்டார்கள், லிஸ்ட் மட்டும் தினமும் யாருக்கோ மெயிலில் போகிறது என்றான். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

"சண்டை போடுதவனுக்குத்தான் லிஃப்ட் ஓடும். ஆரியசாலையில ஒரு மொத்தக் கடைக்காரர் இருக்காரு. போன எடுத்ததுமே வசவுதான். அவரு கடை லிஃப்ட் ஒரு மணி நேரம் நின்னதில்ல."

மூன்று மாதமாக நான் செய்த வேலை அந்த இடத்தில் எனக்கு முழுதாகப் புரிந்தது. நான் எவ்வளவு நன்றாகப் பேசினேனோ அவ்வளவு பேர் தேங்க் யூ சொன்னார்கள். தேங்க் யூ சொன்ன ஒருவர் வீட்டுக்கும் ஆள் போகவில்லை. எங்கள் டெஸ்க்கில் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு பையனுடைய வாடிக்கையாளர்கள்தான் உடனே கோபப்பட்டு உடனே லிஃப்ட்டில் ஏறியிருக்கிறார்கள். அவன் போட்டோ சுவரில் இல்லை.

நீயாகப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று செல்வினிடம் கேட்டேன்.

"ஜாப் நம்பர் இல்லாம கண்ட்ரோலர தொறந்தா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் உள்ள போவணும். நம்பர் வரட்டு. ராத்திரி ஆனாலும் போவேன், விடியக்காலையில ஆனாலும் போவேன்."

இத்தனை நாளில் அந்தக் கம்பெனியில் நான் கேட்ட முதல் கமிட்மென்ட் அதுதான். அவனுக்கு யாரும் அதற்கு மார்க் போடவில்லை.

நானே சிவப்புப் பட்டனை அழுத்திவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சிவப்பு அழுத்தினால் அந்தக் கால் நேராகக் குவாலிட்டிக்குப் போகும். வாடிக்கையாளர் மறுத்ததை அவர்கள் காதால் கேட்ட பிறகுதான் டெக்னீஷியனுக்கு விடுவார்கள். ஆறு மணியோடு குவாலிட்டி டீம் வீட்டுக்குப் போய்விடும். அப்போது மணி மூன்றரை. ஆக, மாமி என் வாக்குறுதியை மறுக்க வேண்டும், ரெக்கார்டில் மறுக்க வேண்டும், ஆறு மணிக்குள் மறுக்க வேண்டும்.

மறுக்க வைத்தல்

ஃபாலோ-அப் என்ற பெயரில் நானே மாமியைக் கூப்பிட்டேன். எந்த மனுஷரும் ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சொன்னால் மறுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஆள் அனுப்பலாமா என்று ஏணியின் உச்சியில் நின்று கேட்டேன்.  உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கும், முடிந்தால் கொஞ்சம் முன்னால் அனுப்ப முடியுமா, முடியாவிட்டால் பரவாயில்லை என்றார். பச்சை.

இன்னும் இறங்கினேன். லிஃப்ட்டைப் பற்றிய கையேடு ஒன்றை மெயிலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அது மிகவும் உதவியாக இருக்கும் என்றார். பின்னால் அவருடைய கணவர் இருமுகிற சத்தம் கேட்டது. இருமி முடித்து மூச்சு வாங்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று மாமி அவரிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கேட்கும்போதே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் ஆங்கிலத்தை விட்டேன். வாடிக்கையாளர் கேட்காமல் மொழியை மாற்றுவது ஃபேட்டல் எரர்.

"மாமி, நான் தமிழ்ல சொல்றேன். நீங்க தேங்க் யூ சொன்னா டிக்கெட்ட மூடிடுவோம். ஆள் வர மாட்டாங்க. நான் சொல்றத வேண்டாம்னு சொல்லுங்க."

"அப்போ அன்னிக்கு நீ சொன்னது?"

"அதையும் மூடிட்டோம் மாமி. ஏழையும் மூடிட்டோம்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ நன்னாப் பேசறேன்னு இவர்கிட்ட சொன்னேனேடி," என்றார்.

 என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எப்படி மறுக்க வேண்டும், அதையாவது ஒழுங்காகச் சொல் என்றார். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் போதும் என்றேன். பிறகு என் வேலைப்படி, ஒன்பதாவது வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். டெக்னீஷியன் ஏற்பாடு செய்யப்படுவார், இது உங்களுக்குச் சம்மதமா?

மாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். முப்பது வருஷம் பிறருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தவர், அன்றைக்குத் தன் கடிதத்தை வாயாலேயே தட்டச்சு செய்தார். ஐ டு நாட் அக்செப்ட் என்று தொடங்கி, பாரா ஒன்று, பாரா இரண்டு என்று எண்ணிட்டு, வெள்ளிக்கிழமை முதல் எங்கள் டெஸ்க் சொன்ன ஒவ்வொரு 'வில்'லையும் 'ஷல்'லையும் தேதியோடு எடுத்து வைத்து, கணவருக்குத் தவறிப்போன டயாலிசிஸையும் சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுத்தார். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. நான்கு நிமிஷம் ஆனது. கடைசியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று சொல்லி வைத்தார்.

சிவப்பை அழுத்தினேன். குவாலிட்டியில் யார் கேட்டார்களோ தெரியாது, பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். ஐந்து மணிக்கு முன்பே செல்வினுக்கு ஜாப் நம்பர் போனது. அப்போது அவன் கையில் வேறொரு சிவப்பு இருந்தது, கொல்லம் பக்கம். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு அவன் அந்த அப்பார்ட்மென்ட்டில் இருந்தான்.

மூன்றாம் மாடிக் கதவின் டோர் லாக் கான்டாக்ட் தேய்ந்திருந்தது. அவன் பையில் எப்போதும் இருக்கும் சாமான். இருபது நிமிஷ வேலை. ஏழே முக்காலுக்கு அவர்கள் கிளம்பும் வரைக்கும் செல்வின் அங்கேயே நின்று, நாற்காலியோடு அவரை லிஃப்ட்டில் ஏற்றி இறக்கிவிட்டு, எனக்கு போன் செய்தான்.

"கீழ எறங்கினதும் அந்த சாரு என்னப் பாத்து தேங்க்ஸ் சொல்ல வாயத் தொறந்தாரு. மாமி கையால பொத்திட்டாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றது வரைக்கும் வாயத் தொறக்கப்படாதாம்."

அனில் சாரின் அறை

வெள்ளிக்கிழமை மேனேஜர் அனில் சார் கூப்பிட்டார். கொல்லத்துக்காரர், நல்ல மனிதர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். ஸ்பீக்கரில் என் போன் காலை முழுவதும் போட்டார். மாமியின் நான்கு நிமிஷத்தையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல டிக்‌ஷன் என்று பாராட்டவும் செய்தார். பிறகு மூன்று ஃபேட்டல் எரர்களை வாசித்தார். கேட்காமல் மொழி மாற்றியது, கம்பெனியின் உள்முறையை வெளியே சொன்னது, வாடிக்கையாளரை மறுக்கத் தூண்டியது. மார்க் பூஜ்யம். வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

முதல் ஏழு டிக்கெட்டுக்கும் ஆள் போகவில்லையே சார் என்றேன்.

"அது ப்ராசஸ் அல்லே குட்டி," என்றார் அன்போடு. "நம்மள் இவிடே கால் குவாலிட்டி ஆணு பேசுந்நது." ஆள் போவது ப்ராசஸ் விஷயம், இங்கே பேசுவது கால் குவாலிட்டியை மட்டும்தான் என்று அர்த்தம்.

சுவரிலிருந்து என் போட்டோவை எடுத்தார்கள். பெருமைக்காரிக்கு அது வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஒரு வாரம் மைக்ரோவேவ் பக்கம் போகாமல் ஆறிய சோற்றைச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் பழையபடி நடந்திருக்கும். ஆனால் ரேஷ்மா மேடத்துக்கு அந்த ரெக்கார்டிங் பிடித்துவிட்டது. ஒரே காலில் மூன்று ஃபேட்டல் எரர் கிடைப்பது அபூர்வம். எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு உதாரணமாக, மாமியின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, பயிற்சியில் சேர்த்துவிட்டார். புதிதாக வந்த பதினான்கு பேரும் அதைக் கேட்டார்கள். தவறுகளைப் பட்டியலிடச் சொன்னபோது மூன்றையும் சரியாக எழுதினார்கள். எழுதியதோடு, எந்தப் பட்டனை அழுத்தினால் ஆள் போவார் என்பதையும் தெரிந்துகொண்டார்கள்.

சில மாதங்களில் எங்கள் டெஸ்க்கில் சிவப்பு டிக்கெட் கூடிவிட்டது. காரணத்தை ஆராய மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பு உயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் நகரத்துக்கு இன்னும் இரண்டு டெக்னீஷியன்கள் வந்தார்கள். லிஸ்ட் இப்போதும் தினமும் மெயிலில் போகிறது.

இன்றைக்கு அந்தப் பயிற்சியை நடத்துவது நான். ஒன்பது வாக்கியங்களையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறேன், அவற்றில் ஒரு குறையும் இல்லை. அனுப்பட்டுமா என்று மரியாதையாகக் கேட்பது நல்ல பழக்கம்தான். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: அப்படிக் கேட்பதற்கு முன்னால், போகப்போகிறவர் யார், அவருக்கு விஷயம் தெரியுமா என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு மார்க் கிடையாது.

பயிற்சியின் மூன்றாம் நாள் என்னுடைய காலை நானே ஸ்பீக்கரில் போடுகிறேன். பேசியது யார் என்று சொல்வதில்லை. மூன்று தவறுகளையும் எழுதுகிறவர்களுக்கு முழு மார்க் போடுகிறேன், கம்பெனி விதி அது. எழுதி முடித்த பிறகு, பேனாவை மூடிவிட்டு, அந்த சாருக்கு டயாலிசிஸ் கிடைத்ததா மேடம் என்று எந்த பேட்ச்சிலும் ஓரிருவராவது கேட்பார்கள். கிடைத்தது என்று சொல்லி, அவர்களை என் பக்கத்து சீட்டில் போடுகிறேன்.